முந்திவருஞ் செய்தியும் அதனை அளக்குங் கோலும்

"எம்மினும் விரைந்து செய்தி தருவார் பிறரிலர்" என்னும் உரை ஒருசார் வாணிகரிடத்து ஓயாது ஒலிக்கின்றது. பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் நிகழும் கொடுக்கல் வாங்கல்களை, அவை நிகழ்ந்த அக்கணமே சந்தாதாரர்க்கு இடையறாது அனுப்பிவைக்கும் ஸ்ட்ரீமிங் சேவையாளரே அவ்வாணிகர். அவருட் பலர் தத்தம் விரைவினைக் காட்டும் அட்டவணைகளை வெளியிடுகின்றனர். அவற்றுட் பெரும்பாலனவற்றில் வெளியிட்டவரே முதலிடம் பெற்று விளங்குகின்றார். ஓட்டப் பந்தயம் ஒன்றாயிருக்க, முதல்வர் பலராதல் எங்ஙனங் கூடும்? அவ்வட்டவணைகள் யாவும் பொய்யென்று யான் கூறவில்லை. அளந்த முறை இன்னதென்று அறியப்படாதவழி அவை மெய்யுமல்ல, பொய்யுமல்ல. பொருளற்றன என்பதே என் கருத்து.

தமிழ் பயில்வோனுக்கு இவ்வாராய்ச்சியில் என்ன உரிமையென்று நண்பர்கள் வினவலாம். உரிமை இரண்டு உண்டு. கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவுகோலாகக்கொண்டு எழுத்துக்களின் ஒலிக்காலத்தை வரையறுத்தவர் நம் இலக்கண ஆசிரியர். நுண்ணிய காலத்தை அளக்குங்கால் முதலில் வேண்டற்பாலது எல்லார்க்கும் பொதுவான கோல் என்பதனை யான் எழுத்ததிகாரத்திலேயே கற்றேன். இரண்டாவது உரிமை சற்று நாணத்தக்கது. விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையிலுள்ள கணித மாணவரொருவர், இத்தகைய அட்டவணையொன்றைக் கண்டு மயங்கி, விலைமிக்க சேவையொன்றிற்குச் சந்தா செலுத்தினார். மூவர் கூடித் திரட்டிய அத்தொகையில் என் உதவிச் சம்பளத்தின் ஒரு பகுதியும் இருந்தது. அவரினும் மிகுதியாக அவ்வட்டவணையை நம்பி அவரைத் தூண்டியவன் யானே. ஆதலின் இக்கட்டுரையைப் பிறரைக் குறைகூற எழுதியதாகக் கொள்ளாது, கற்ற பாடத்தைப் பங்கிட்டுக்கொள்வதாகக் கொள்க.

விரைவென்பது இத்துறையில் இத்துணை முதன்மை பெற்றது அண்மைக்காலத்திலேயாம். 2009ஆம் ஆண்டு தொடங்கிய பிட்காயின் பேரேட்டில் ஒரு பிளாக் சேர ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். அங்கே செய்தி அரை விநாடி பிந்தி வந்தாலும் பலர்க்கு இழப்பில்லை. 2015இல் தோன்றிய எதீரியத்தில், 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நிகழ்ந்த மாற்றத்திற்குப்பின், 12 விநாடிக்கொரு முறை பிளாக் சேர இடமுண்டு. 2020இல் வழக்கிற்கு வந்த சொலானாவிலோ அந்த இடைவெளி ஏறத்தாழ 400 மில்லி விநாடியே. அஃதாவது ஒரு விநாடியின் ஐந்தில் இரண்டு கூறு. நம் இலக்கணத்தார் கூறும் மாத்திரைக்கு மிக அணித்தான அளவு இது. ஒரு மாத்திரைக்கொரு பக்கம் நிரம்பும் பேரேட்டில், அப்பக்கத்தை அரை மாத்திரை பிந்திக் காண்பவன் பின்தங்கியவனே ஆவான். ஆகவே சொலானாவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மேற்செல்வேன்.

செய்தி வந்தடையும் வழிகள் பல. "புதியது உண்டோ, புதியது உண்டோ" என்று பயனர் தாமே திரும்பத் திரும்பக் கேட்பது பழைய வழி. தபாலாபீசுக்கு நாழிகைக்கொரு முறை நடந்துசென்று கடிதம் கேட்பதை இஃது ஒக்கும். அதனினும் சிறந்தது, வந்தவுடன் அனுப்பிவைக்குமாறு ஏற்பாடு செய்துகொள்வது. சொலானாவில் கணக்குகளைச் சரிபார்க்கும் கணிப்பொறிக்கு வாலிடேட்டர் என்று பெயர். அதன் உள்ளிருந்தே மாறுதல்களை வெளியே ஓடவிடும் கெய்சர் என்னும் அமைப்பும், அதன்மேல் டிரைட்டன் ஒன் நிறுவனத்தார் இயற்றிய எல்லோஸ்டோன் ஜி-ஆர்-பி-சி என்னும் கருவியும் பெருவழக்கிலுள்ளன. இவற்றிற்கும் முற்பட்ட நிலை ஒன்றுண்டு. பிளாக்கை ஆக்கும் தலைமை வாலிடேட்டர் அதனை முழுமையாக அனுப்புவதில்லை. ஷ்ரெட் எனப்படும் சிறு துணுக்குகளாக்கிப் பரப்புகின்றது. 32 துணுக்குகளோடு ஈடுசெய்யும் துணுக்குகள் 32 சேர்த்து அனுப்புதலின், 64இல் எவையேனும் 32 வந்தாற்போதும், எஞ்சியவற்றைக் கணக்கிட்டு மீட்டுக்கொள்ளலாம். ஜிட்டோ நிறுவனத்தாரின் ஷ்ரெட்ஸ்ட்ரீம் போன்ற சேவைகள் இத்துணுக்குகளையே விரைந்து தருகின்றன.

இனி எங்கள் அறையில் நிகழ்ந்ததைச் சொல்வேன். நண்பர் இரண்டு சேவைகளை ஒப்பிடக் கருதி, செய்தி வந்த நேரத்தைத் தம் மடிக்கணினியின் கடிகாரத்தால் குறித்து, பிளாக்கில் எழுதப்பட்டிருந்த நேரத்தை அதினின்றுங் கழித்தார். வந்த விடைகளிற் பல சுழியினுங் குறைந்திருந்தன. அஃதாவது, செய்தி அனுப்பப்படுமுன்னரே வந்து சேர்ந்துவிட்டது! சிரித்து முடிந்தபின் காரணத்தைத் தேடினோம். பிளாக்கில் எழுதப்படும் நேரம் வாலிடேட்டர்களின் வாக்குகளினின்று உய்த்துணரப்படுவது. முழு விநாடியளவில் மட்டுமே தரப்படுவது. அது மில்லி விநாடிகளை அளத்தற்கு ஆகாது. எங்கள் கடிகாரமோ உலகக் கடிகாரத்தோடு ஒத்து ஓடவில்லை. நெல் அளக்கும் மரக்காலைக்கொண்டு பொன்னிறுக்கப் புகுந்தோம். அம்மரக்காலிலும் ஓட்டை இருந்தது.

இதனினின்று அறிந்தது யாதெனில், இரண்டு சேவைகளை ஒப்பிடுவோர் இருவேறு கடிகாரங்களை நம்பலாகாது என்பதே. ஒரே கணிப்பொறியில் இரண்டு ஓடைகளையும் ஒருங்கே திறந்து, ஒரே கொடுக்கல் வாங்கலின் கையொப்பம் எவ்வோடையில் முந்தி வந்தது, எத்துணை முந்தி வந்தது என்று ஒரே கடிகாரத்தால் குறிப்பதே நேரிய முறை. அப்பொழுது கடிகாரம் உலகத்தோடு ஒத்திராவிடினும் கேடில்லை. இருவர்க்கும் அதன் பிழை ஒன்றேயாகலின். இவ்வடிப்படை அமைந்தபின்னும் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு உள.

முதலாவது, எங்கிருந்து அளந்தது? ஒளி வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லுமாயினும், கண்ணாடி இழையுள் ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டரே செல்லும். எனவே 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லி விநாடி என்பது எவராலுங் குறைக்கவியலாத சுங்கம். சென்னைக்கும் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டுக்கும் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர் உண்டு. ஒருவழிச் செலவிற்கு மட்டும் 38 மில்லி விநாடி கழிந்துபோம். கடலடிக் கம்பிகள் நேர்கோட்டிற் செல்லாமையின் மெய்யான காலம் இன்னும் மிகும். பிராங்க்பர்ட்டில் இருந்துகொண்டு ஒரு சேவை மற்றொன்றினும் 3 மில்லி விநாடி முந்துகின்றதென்று காட்டும் அட்டவணை, விடுதியறையிலிருந்து அதனை வாங்குவோனுக்கு யாது பயன்? அவன் அளப்பது சேவையை அன்று, கடலை. எங்கள் நண்பரும் ஒரு திங்கள் முழுதும் கடலையே அளந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது, எந்நிலையில் அளந்தது? செய்தித்தாளின் அச்சுப்படியும், பிழைதிருத்திய படியும், வெளிவந்த இதழும் ஒன்றல்லவே. துணுக்கு நிலையிற் காண்போன் ஒருவர் மற்றொருவர்க்கு இன்னது அனுப்பக் கருதினார் என்பதை அறிவான். அது நிறைவேறிற்றோ தோல்வியுற்றதோ என்பது அங்கே இராது. அடுத்த நிலையில் ஒரு வாலிடேட்டர் அதனைச் செய்து பார்த்திருக்கும். எனினும் அந்தப் பிளாக் பின்னர்க் கைவிடப்படுதலுங் கூடும். பங்குத்தொகையில் மூன்றில் இரண்டு கூறுக்கு மேற்பட்டார் வாக்களித்தபின் அஃது உறுதிப்பட்டதாகும். முற்ற முடிந்த நிலையை எய்தத் தொடக்கமுதல் இருந்துவந்த முறையில் ஏறத்தாழ 13 விநாடி ஆயிற்று. இதனை ஏறத்தாழ 150 மில்லி விநாடியாகக் குறைக்கக் கருதிய அல்பென்குளோ என்னுந் திருத்தத்தை வாலிடேட்டர்கள் 2025ஆம் ஆண்டு வாக்கெடுப்பால் ஏற்றனர். ஆகவே ஒருவர் தரும் முதல்நிலைச் செய்தியையும் பிறரொருவர் தரும் உறுதிப்பட்ட செய்தியையும் பக்கத்தில் வைத்து "யாம் முந்தினோம்" என்பது, பாதி வெந்த சோற்றைப் பரிமாறி "எம் அடுப்பே விரைவானது" என்பதையொக்கும்.

மூன்றாவது, சராசரியோ, முழுவிவரமோ? ஒரு சேவை 100 செய்திகளில் 99ஐ 10 மில்லி விநாடியிலும், ஒன்றை மட்டும் 2,000 மில்லி விநாடியிலும் தருகின்றதென வைத்துக்கொள்வோம். சராசரி 29.9. மற்றொன்று ஒவ்வொன்றையும் தவறாது 30 மில்லி விநாடியில் தருகின்றது. சராசரியைக் கண்டோர் இரண்டும் ஒன்றென்பர். ஆயினும் இவற்றின் இயல்பு மலையும் மடுவும்போல் வேறுபட்டதன்றோ? பிந்தும் அந்த ஒரு செய்தி பெரும்பாலும் சந்தை கொந்தளிக்கும் வேளையிலேயே பிந்தும். செய்தி மிகவும் வேண்டப்படும் வேளையும் அதுவே. அஃதன்றியும், வராமலே போன செய்திக்குத் தாமதம் என்பதொன்றில்லை. பிந்தியவற்றை ஒழுகவிட்டுவிடும் ஓடை அட்டவணையில் விரைவுடையதாகவே தோன்றும். வகுப்பிற்குப் பிந்தி வருவோன் முற்றும் வாராதொழிந்தால், பிந்திவந்தோர் பட்டியலில் அவன் பெயர் இராதன்றோ? ஆதலின் நடுவில் நிற்கும் செய்தி எப்பொழுது வந்தது, நூற்றில் 99 எப்பொழுதிற்குள் வந்தன, வாராதவை எத்தனை என மூன்றனையும் ஒருங்கே கேட்டல் வேண்டும்.

நான்காவது, எத்துணைக் காலம், எத்துணைப் பொருளை அளந்தது? சொலானாவில் தலைமை ஒருவரிடத்தே நிலைப்பதில்லை. அடுத்தடுத்த 4 பிளாக்குகளுக்கு, ஏறத்தாழ 1.6 விநாடிக்கு, ஒருவர் தலைவர், பின்னர் வேறொருவர். தலைவர் ஐரோப்பாவிலுள்ளபோது அங்குள்ள சேவை முந்தும். அமெரிக்காவிலுள்ளபோது அங்குள்ளது முந்தும். சிலநிமிட ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பு வழங்குவது, ஒரு பந்தைக் கண்டு கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவைக் கூறுவதாகும். இரண்டு ஓடைகளிலும் கேட்ட பொருள் ஒன்றாயிருத்தலும் வேண்டும். ஒன்றில் ஒரேயொரு கணக்கையும் மற்றொன்றில் உலகத்துக் கணக்கையெல்லாமும் கேட்டு ஒப்பிடுதல் நேர்மையன்று. கேட்போனுடைய நிரல் மந்தமாயின் செய்தி வாயிலில் வந்து வரிசையில் நிற்கும். அக்குற்றத்தை அனுப்பியவர் தலையில் ஏற்றுதலும் தகாது.

இங்ஙனமெல்லாம் செவ்வனே அளந்து, முந்துவது இன்னதென்று கண்டபின்னும் ஒரு வினா எஞ்சும்: அம்முந்துதல் யாருக்கு வேண்டும்? இவ்வாசை புதியதன்று. 1850ஆம் ஆண்டில் ஆகன் நகரத்திற்கும் பிரசல்ஸ் நகரத்திற்கும் இடையே தந்தி இல்லாதிருந்த காலத்து, ராய்ட்டர் என்பவர் சந்தை விலைகளைப் புறாக்களின் வாயிலாக அனுப்பிப் புகைவண்டியை முந்தினார். தந்திக்கம்பி அவ்விடைவெளியை நிரப்பியதும் புறாக்களுக்கு வேலை ஒழிந்தது. 2010இல் ஸ்பிரெட் நெட்வொர்க்ஸ் என்னும் நிறுவனத்தார் சிக்காகோவினின்றும் நியூயார்க்கை அடுத்த நியூஜெர்சிவரை 827 மைல் நீளத்திற்கு இழைக்கம்பி புதைத்து, போய்மீளும் காலத்தை ஏறத்தாழ 13 மில்லி விநாடியாகக் குறைத்தனர். சில ஆண்டுகளுள் வானில் செல்லும் மைக்ரோ அலைகள் அக்கம்பியை முந்தின. இவற்றிற்கு மாறாக, 2013இல் தொடங்கிய ஐ-இ-எக்ஸ் என்னுஞ் சந்தையார், 38 மைல் இழைக்கம்பியைச் சுருட்டிவைத்து, வருவோர் யாவரையும் 0.35 மில்லி விநாடி வேண்டுமென்றே தாமதிக்கச் செய்தனர். முந்துதற்குக் கம்பி புதைத்தோரும் உண்டு. முந்துவோரைத் தடுத்தற்குக் கம்பி சுருட்டினோரும் உண்டு.

இவ்வரலாற்றால் விளங்குவது யாது? இத்தகைய விரைவு தன்னளவிற் செல்வமன்று. பிறரினும் முன்னிற்கும் வரையிலேயே செல்வம். இரண்டாமவன் எத்துணை விரைந்தோடினும் அவன் இரண்டாமவனே. மேலும், முந்திக் கேட்டல் பாதியே. முந்திப் பேசுதல் மற்றைப் பாதி. 5 மில்லி விநாடி முன்னர்ச் செய்தி அறிந்தவன், தன் ஆணையைப் பேரேட்டில் ஏற்ற 50 மில்லி விநாடி பிந்துவானாயின், அவன் கொடுத்த சந்தா ஆற்றிற் கரைத்த புளியே.

"ஆயின் இவ்விரைவெல்லாம் சூதாட்டத்திற்கன்றி வேறெதற்கும் உதவாது, அதனை அளப்பது வீண்" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிட்டார். அதனை யான் முழுதும் உடன்படேன். அடகு வைத்த பொருளின் விலை சரியுங்கால், கடன் தந்த நிதி மூழ்காமல் உடனே கணக்குத் தீர்ப்பதற்கு விரைந்த செய்தி வேண்டும். இருவேறு சந்தைகளில் ஒரே பொருளின் விலை பெரிதும் வேறுபடாமற் காப்பதும், திருட்டு நிகழுங்கால் எச்சரிப்பதும் அதனாற் கூடுவனவே. ஆனால் ஒருவர் அனுப்பிய பணம் வந்ததோ என்றறிய விரும்பும் கடைக்காரர்க்கும், தம் கணக்கைப் பார்த்துக்கொள்ள விரும்பும் சாதாரண மனிதர்க்கும் முதல்நிலைச் செய்தியினும் உறுதிப்பட்ட செய்தியே நன்று. அவர்க்கு 10 மில்லி விநாடி ஒரு பொருட்டன்று. பொய்த்துப்போகாத செய்தியே பொருட்டு. விரைவை விற்போர் இவ்விருசாராரையும் பிரித்துக் காட்டாது எல்லார்க்கும் ஒரே அச்சத்தை ஊட்டுவதே என் மனக்குறை.

நம் கடைத்தெருவில் எடைக்கற்களுக்கு அரசாங்க முத்திரை உண்டு. கடைக்காரர் நல்லவரேயாயினும், அவர் நன்மையை மட்டும் நம்பி நாம் கல்லை ஏற்பதில்லை. மில்லி விநாடிக்கு அத்தகைய முத்திரையை இச்சந்தையில் யான் கண்டிலேன். ஆகவே கடமை இருசாரார்க்கும் உரியது. விற்போர் தம் எண்ணோடு அளந்த இடம், நேரம், நிலை, கேட்ட பொருள், வாராதவற்றின் தொகை, அளந்த நிரல் ஆகிய யாவற்றையும் வெளியிடுக. பிறர் அதே அளவையைத் தாமே செய்துபார்க்க இடந்தருக. இஃது அவர்க்கு இழப்பன்று. மெய்யாகவே விரைவுடையார் இதனாற் பெயர் பெறுவர். வாங்குவோர், தம் நிரல் எங்கே இயங்கப்போகின்றதோ அங்கேயே, ஒருநாளேனும் முழுதும், தாமே அளந்து பார்க்க. அளக்குமுன், "எனக்கு எத்துணை விரைவு வேண்டும்?" என்று தம்மைத் தாமே கேட்க. இவ்வினாவை யாங்கள் கடைசியிற் கேட்டோம். அதனாற் பணம் போயிற்று.

நண்பர் அச்சந்தாவை மறுதிங்கள் புதுப்பிக்கவில்லை. விலைவேறுபாட்டில் பொருளீட்டும் எண்ணத்தையுங் கைவிட்டார். இப்பொழுது அவர் ஓடைகளை அளக்கும் நிரலொன்றைத் தாமே எழுதிவருகின்றார். அவர் எழுதும் விளக்கங்களைத் தமிழாக்குவது என் பணி. இழந்த என் பங்கினை மீளக் கேட்டேனல்லேன். கேட்கும் தகுதி எனக்கில்லை.

மாத்திரையைக் கூறவந்த நன்னூலார், வலிந்து இமைப்பதையோ விரைந்து நொடிப்பதையோ கோலாகக் கொள்ளாது, மாந்தரிடத்து இயல்பாக நிகழ்வதையே கோலாகக் கொண்டார். ஒருவர் தமக்கேற்பக் கண்ணை விரைந்து மூடிக்காட்டி, "இதுவே மாத்திரை" என்று கூற அவர் இடங்கொடுக்கவில்லை. கருவிகள் மாறின, அளவு ஆயிரத்திலொரு கூறாகச் சுருங்கிற்று. கோல் பொதுவாயிருத்தல் வேண்டும் என்னும் விதி மட்டும் மாறவில்லை. அட்டவணையொன்று நம் கைக்கு வருங்கால், முதலிடம் யாருக்கென்று பார்க்குமுன், இமைத்த கண் யாருடையதென்று பார்ப்போமாக.

— இரண்டாம் ஆண்டு மாணவன், தமிழ் ஆனர்ஸ்